ஒரு ஹெட்போனின் ரகசிய அரட்டை

பட்டனை அழுத்திப் பிடிக்கிறீர்கள். ஹெட்போனின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் மாறி மாறிச் சிமிட்டுகின்றன. போனில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ‘என்னடா இது, இவ்வளவு நேரமா?’ என்று உச்சுக்கொட்டி முடிப்பதற்குள் காதில் ஒரு குரல் ‘கனெக்டட்’ என்கிறது. பாட்டு வந்துவிடுகிறது. வேலை முடிந்தது என்று நாமும் கிளம்பிவிடுகிறோம்.

அந்த உச்சுக்கொட்டுகிற நேரத்தில்தான் மொத்தக் கூத்தும் நடந்து முடிந்திருக்கிறது! யார் நீ, உன் பெயர் என்ன, உனக்குக் கண் உண்டா, கை உண்டா, ரகசியம் காப்பாயா, எந்த முறையில் பாட்டை அனுப்பட்டும், எவ்வளவு தாமதமாகப் பாடுவாய் என்று இரண்டு கருவிகளும் மூச்சுவிடாமல் பேசித் தீர்த்திருக்கின்றன. நமக்குக் காட்டியது சுற்றுகிற வட்டம் ஒன்றைத்தான்.

இந்த அரட்டையை ஒட்டுக்கேட்க வழி இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. லினக்ஸ் போட்ட லேப்டாப் என்றால் ‘பிடிமான்’ என்று ஒரு கட்டளை உண்டு. மான் பிடிக்கிற சமாசாரம் இல்லை, புளூடூத் மானிட்டர் என்பதன் சுருக்கம். ஆண்ட்ராய்டு போன் என்றால் செட்டிங்ஸில் ‘பில்ட் நம்பர்’ என்று இருப்பதை ஏழு தடவை தட்ட வேண்டும். ‘நீங்கள் இப்போது டெவலப்பர்’ என்று போனே பட்டம் கொடுத்துவிடும். புதிதாகத் திறக்கும் பட்டியலில் ‘புளூடூத் எச்.சி.ஐ. ஸ்னூப் லாக்’ என்பதை ஆன் செய்து, புளூடூத்தை ஒருமுறை அணைத்துப் போட்டு, ஹெட்போனைச் சேர்த்துவிட்டு ‘பக் ரிப்போர்ட்’ எடுத்தால் அதற்குள் முழு வாக்குமூலமும் இருக்கும். வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்து படிக்கலாம்.

நான் லேப்டாப்பில் உட்கார்ந்தேன். பக்கத்தில் அக்கா மகள், காலேஜ் லீவுக்கு வந்தவள். அவளுடைய ஹெட்போன்தான் அன்றைய பலியாடு.

தேடு என்று தட்டியதுமே கறுப்புத் திரையில் ஊரே வந்து குவிந்தது. எதிர்வீட்டு டிவி, மாடியில் யாருடையதோ ஸ்பீக்கர், யார் கையிலோ இருக்கிற வாட்ச், பெயரே சொல்லாத வெறும் எண்கள் சில. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மைனஸ் எண். அது சிக்னலின் பலம். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது மைனஸ் 40 வாக்கில் காட்டும், இரண்டு சுவர் தாண்டி இருப்பது மைனஸ் 90 வாக்கில் முனகும்.

“மாமா, இது வேவு பார்க்கிற மாதிரி இருக்கே!”

“அதுக்குத்தான்மா, சில கருவிங்க கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை முகவரியையே மாத்திக்கிட்டுத் திரியுது.”

ஊரெல்லாம் வந்துவிட்டது. மேசைமேல், கண்ணெதிரே, ஆன் ஆகி உட்கார்ந்திருந்த ஹெட்போனை மட்டும் காணோம்! இந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ‘ஆன்லதான் இருக்கு, ஆனா காட்ட மாட்டேங்குது’ என்று வீட்டுக்கு வீடு கேட்கிற புலம்பல் இது. காரணம் எளிது. ஹெட்போனுக்கு இரண்டு விதமான கேட்கும் நிலை இருக்கிறது. ஒன்றில், தன் முகவரியைச் சொல்லிக் கூப்பிடுகிறவருக்கு மட்டும் பதில் சொல்லும். முகவரி யாருக்குத் தெரியும்? ஏற்கெனவே பழகியவருக்குத்தான். இன்னொன்றில், ‘இங்கே யாராவது இருக்கிறீர்களா?’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்கிற அந்நியருக்கும் ‘இதோ இருக்கிறேன்’ என்று குரல் கொடுக்கும். சும்மா ஆன் செய்தால் முதல் நிலை மட்டும். பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து விளக்கைச் சிமிட்ட வைத்தால்தான் இரண்டாவது. அந்தச் சிவப்பு-நீலச் சிமிட்டலுக்கு அர்த்தமே ‘இப்போது யார் கேட்டாலும் பதில் சொல்வேன்’ என்பதுதான்.

அவள் பட்டனை அழுத்திப் பிடித்தாள். எண்ணத் தொடங்கினோம். ஒன்று, இரண்டு, மூன்று... வந்துவிட்டது!

இந்த ஒன்று, இரண்டு, மூன்றுக்குள் இருக்கிற கணக்கைச் சொல்லாமல் நகர எனக்கு மனசு வராது. புளூடூத்துக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் 79 அலைவரிசைகள் உண்டு. அதில் 32 தேடலுக்கு என்று ஒதுக்கியவை. திருவிழாக் கூட்டத்தில் பிரிந்துபோன இருவரும் ஆளுக்கொரு பக்கம் அலைந்தால் சந்திக்கவே மாட்டார்கள், ஒருவர் நிற்க வேண்டும், மற்றவர் ஓட வேண்டும். இங்கே ஓடுவது கம்ப்யூட்டர். விநாடிக்கு 3,200 தடவை அலைவரிசை மாற்றி மாற்றி, பாதியில் கூவுகிறது, பாதியில் பதிலுக்குக் காது கொடுக்கிறது. நிற்பது ஹெட்போன். ஆனால் அது முழு நேரமும் காது கொடுத்து நின்றால் பேட்டரி என்னாவது? அதனால் விதிப்புத்தகத்தின் இயல்பு அளவுப்படி 2.56 விநாடிக்கு ஒருமுறை விழித்து, 11.25 மில்லி விநாடி மட்டும் கேட்டுவிட்டு மறுபடி கண்ணயர்ந்துவிடலாம்.

ஏன் 11.25? இங்கேதான் நான் நாற்காலியில் துள்ளினேன். கம்ப்யூட்டர் அந்த 32-ஐ இரண்டு பதினாறாகப் பிரித்துக்கொள்கிறது. ஒரு பதினாறைக் கூவி முடிக்க அதற்கு 10 மில்லி விநாடி ஆகும். ஹெட்போன் விழித்திருப்பதோ அதைவிடக் கொஞ்சமே கொஞ்சம் அதிகம்! கூவுகிற வரிசையில் தன் அலைவரிசை இருந்தால் அந்த ஒரு விழிப்பில் காதில் விழுந்தே தீரும். இல்லாவிட்டால் அடுத்த பதினாறு வரும்வரை பொறுக்க வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றி முழுசாகத் தேடி முடிக்க 10.24 விநாடி. போனில் வட்டம் சுற்றுகிற அந்தப் பத்து விநாடி சோம்பேறித்தனம் இல்லை. தூங்கித் தூங்கி விழிக்கிற ஒரு பேட்டரிப் பிராணிக்காக யாரோ உட்கார்ந்து போட்ட கச்சிதமான கணக்கு.

போட்டவர்கள் யார் என்று கேட்டால், சுவீடனின் லுண்ட் நகரத்துக்குப் போக வேண்டும். எரிக்சன் கம்பெனியின் மொபைல் பிரிவு அங்கே இருந்தது. போனுக்கும் அதன் துணைக்கருவிகளுக்கும் நடுவே ஓடுகிற வயரை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று 1994-ல் டச்சுக்காரரான யாப் ஹார்ட்சென் அங்கே வேலையைத் தொடங்கினார். ஸ்வென் மாத்திசன் கூடச் சேர்ந்தார். 1998-ல் எரிக்சன், இன்டெல், நோக்கியா, தோஷிபா, ஐ.பி.எம். ஐந்தும் கைகோத்து ஒரு கூட்டமைப்பாயின. பெயர் பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஹெரால்டுடைய பட்டப்பெயர் என்பது பலருக்குத் தெரிந்த கதை. பலருக்குத் தெரியாதது, எரிக்சன்காரர்கள் 1999-ல் அந்த அரசருக்கு லுண்டில் பழங்காலக் கல்வெட்டு பாணியில் ஒரு நினைவுக்கல்லே நட்டுவிட்டார்கள் என்பது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய அரசர், ஒரு கையில் லேப்டாப், மறு கையில் மொபைல் போன்! இஞ்சினியர்களுக்கு விளையாட்டுப் புத்தி கிடையாது என்று யார் சொன்னது?

சரி, திரைக்கு வருவோம். கண்டுபிடித்ததும் முதல் வேலை விசாரணை. ஹெட்போன் ‘நான் இன்ன ஜாதிக் கருவி’ என்று 24 பிட்டில் ஒரு குறியீடு அனுப்பியிருக்கும். பட்டியலில் அதன் பெயருக்கு முன்னால் சின்னதாக ஹெட்போன் படம் வருவது அதைப் பார்த்துத்தான். பிறகு பெயர் என்ன என்று தனியாக ஒரு கேள்வி. பெயருக்கு 248 பைட் வரை இடம் உண்டு, யூனிகோடில் எழுதலாம். அப்படியென்றால் தமிழ்? பேஷாக! தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட் பிடிக்கும். என் லேப்டாப்புக்கு ‘சுண்டல்’ என்று பெயர் வைத்தேன், 21 பைட்தான் ஆயிற்று. அக்கா மகள் போனில் ‘சுண்டலுடன் இணைக்கவா?’ என்ற தொனியில் கேள்வி வந்தபோது அவள் சிரித்த சிரிப்பில் அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பழைய கார் ஸ்டீரியோக்கள் சில தமிழைக் கட்டம் கட்டமாகக் காட்டிப் பழிவாங்கும், அதற்குத் தயாராக இருங்கள்.

அடுத்து வந்தது நான் காத்திருந்த வரி. இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று ‘உன்னிடம் என்ன இருக்கிறது?’ என்று கேட்டுக்கொள்கின்றன. லேப்டாப் பெருமையாக, ‘எனக்குத் திரை இருக்கிறது, ஆமாம்-இல்லை சொல்ல வசதி இருக்கிறது’ என்கிறது. ஹெட்போன் சொன்ன பதில் திரையில் ஒரே சொல்லாக வந்து விழுந்தது: ‘நோஇன்புட்நோஅவுட்புட்’. எனக்குக் காட்டவும் வழியில்லை, தட்டவும் வழியில்லை, தாயே! கைநிறையக் காசு கொடுத்து வாங்கிய பொருளின் இந்த அடக்கத்தைப் பார்த்து நெகிழ்ந்துவிட்டேன்.

இந்த ஒரு வார்த்தையால்தான் உங்களுக்குப் பின் நம்பர் கேட்பதில்லை. பழைய நாட்களில் நோக்கியா போனில் 0000 என்றோ 1234 என்றோ தட்டிய ஞாபகம் இருக்கிறதா? உலகத்தில் பாதி ஹெட்செட்டுக்கு அதே பூட்டு, அதே சாவி. 2007-ல் வந்த புளூடூத் 2.1 அந்தக் கூத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இப்போது இரண்டு கருவிகளும் ஆளுக்கொரு ரகசிய எண்ணை மனசுக்குள் நினைத்துக்கொள்கின்றன. அதிலிருந்து கணக்குப் போட்டு வரும் இன்னொரு எண்ணை மட்டும் காற்றில் வெளிப்படையாக அனுப்பிக்கொள்கின்றன. வந்ததையும் தன் ரகசியத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் இரண்டு பக்கமும் ஒரே விடை! நடுவில் நின்று எல்லாவற்றையும் கேட்டவனுக்கு மட்டும் அந்த விடை கிடைக்காது. நீள்வட்ட வளைவுக் கணிதம் செய்கிற வித்தை இது. காதில் மாட்டுகிற பஞ்சு உருண்டைக்குள் இந்தக் கணிதமெல்லாம் ஓடுகிறது என்று நினைத்தால் கொஞ்சம் கிறுகிறுக்கிறது.

அப்போதுதான் திரையில் ஆறு இலக்க எண் ஒன்று பளிச்சென்று வந்தது.

“மாமா, இது என்ன ஓ.டி.பி.? எனக்கு எதுவும் வரலையே!”

வராது. போனும் லேப்டாப்பும் சேரும்போது ‘இரண்டு திரையிலும் இதே எண்தானா?’ என்று கேட்குமே, அதே எண்தான் இது. ஹெட்போனுக்குத் திரை இல்லை என்று தெரிந்தும், விதி விதிதான் என்று இரண்டும் சிரத்தையாகக் கணக்குப் போட்டு ஆறு இலக்கத்தைக் கண்டுபிடிக்கின்றன. யாரிடம் காட்டுவது? யாருமில்லை. லேப்டாப் தானே ‘சரி, சரி’ என்று தலையாட்டி ஒப்புதல் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. நீங்கள் இதுவரை சேர்த்த ஒவ்வொரு நவீன ஹெட்போனுக்கும் இப்படி ஓர் எண் பிறந்து, எவர் கண்ணிலும் படாமல் போயிருக்கிறது. இந்த முறைக்கு ‘ஜஸ்ட் ஒர்க்ஸ்’ என்றே அதிகாரபூர்வப் பெயர். எண்ணை மனிதர் ஒத்துப்பார்க்காததால் ஒரு சின்ன ஓட்டை உண்டு: சரியாகச் சேர்க்கிற அந்தக் கணத்தில் நடுவே ஒரு கில்லாடி ஆள்மாறாட்டம் செய்தால் பிடிக்க முடியாது. ஆகவே புது ஹெட்போனை பஸ் ஸ்டாண்டில் பிரித்து அங்கேயே சேர்க்காமல் வீட்டுக்கு வந்து சேர்ப்பது நல்லது.

கடைசியில் பிறப்பது 128 பிட் சாவி. இரண்டும் அதை நினைவில் எழுதிக்கொள்கின்றன. லாக்கில் அந்தச் சாவி முழுசாகத் தெரியும் என்பதால், இந்தக் கோப்பை ‘பாரேன் வேடிக்கையை’ என்று எவருக்கும் வாட்ஸப்பில் அனுப்பிவிடாதீர்கள்.

சாவி கிடைத்துவிட்டது, இனி பாட்டு. ‘உனக்கு என்னென்ன தெரியும்?’ என்று லேப்டாப் கேட்க, ஹெட்போன் எஸ்.பி.சி., ஏ.ஏ.சி., எல்டாக் என்று தனக்குத் தெரிந்த ஒலிச்சுருக்க முறைகளை ஒப்பித்தது. எஸ்.பி.சி. எல்லோரும் கட்டாயம் படிக்க வேண்டிய பாடம். இரண்டு பேருக்கும் வேறெதுவும் பொதுவாக இல்லையென்றால் அதில் வந்து நிற்பார்கள். சி.டி.யில் இருக்கும் பாட்டு விநாடிக்கு 1,411 கிலோபிட். எஸ்.பி.சி.யின் வழக்கமான உயர்தர அளவு 328 கிலோபிட். எல்டாக் 990 வரை போகும். பெட்டியில் கொட்டை எழுத்தில் எல்டாக் என்று போட்டிருந்தாலும் உங்கள் போனுக்கு அது தெரியாவிட்டால் கேட்பது எஸ்.பி.சி.யோ ஏ.ஏ.சி.யோதான். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

அப்புறம் ஒரு பாவமன்னிப்பு வரி. ‘என் தாமதம் இத்தனை மில்லி விநாடி’ என்று ஹெட்போன் தானாகவே ஒப்புக்கொண்டது. காற்றில் வந்த பாட்டைக் கொஞ்சம் சேர்த்துவைத்துத்தான் அது பாட முடியும். 150, 200 மில்லி விநாடி பிந்துவது சகஜம். சினிமா பார்க்கும்போது உதடும் குரலும் ஒத்துப்போகிறதே, எப்படி? வீடியோ பிளேயர் இந்த ஒப்புதலைக் கேட்டுக்கொண்டு படத்தையும் அதே அளவு பிடித்துவைத்துக் காட்டுகிறது! நாயகன் பேசுவதை நீங்கள் கொஞ்சம் பிந்தித்தான் பார்க்கிறீர்கள், தெரிவதில்லை. கேமில் இந்தத் தந்திரம் செல்லாது. நீங்கள் எப்போது சுடுவீர்கள் என்று அதற்கு முன்கூட்டித் தெரியாதே. துப்பாக்கி சுட்டபின் ‘டுமீல்’ சாவகாசமாக வருவது அதனால்.

இப்போது வருவதைப் படிக்கும்போது தயவுசெய்து உட்கார்ந்துகொள்ளுங்கள். போனில் எடுத்த லாக்கில், ஒரு கால் வந்த இடத்தைத் தேடினேன். காதிலிருக்கும் கருவியின் பட்டனைத் தொட்டு காலை எடுக்கும்போது அது போனிடம் என்ன சொல்கிறது? ‘ஏ.டி.ஏ.’ என்று மூன்றே எழுத்து. இதே மூன்று எழுத்து 1981-ல் ஹேய்ஸ் கம்பெனி ஸ்மார்ட்மோடம் என்று விற்ற பெட்டிக்குச் சொன்ன கட்டளை! தொலைபேசி வயரில் கம்ப்யூட்டரை இணைத்து, மோடம் கீச்சுக் கீச்சென்று கத்திய காலத்துப் பாஷை. அழைப்பு வந்தால் போன் ‘ரிங்’ என்று எழுத்துக் கூட்டி அனுப்புகிறது. வைத்துவிடு என்பதற்கு ‘ஏ.டி.’ என்றே தொடங்கும் இன்னொரு கட்டளை, சத்தத்தைக் கூட்ட ஒரு ஏ.டி. கட்டளை. புத்தம்புதிய இயர்பட்ஸுக்குள் நாற்பது வருஷத்துக்கு முந்தைய மோடம் ஒன்று உட்கார்ந்து ‘ஹலோ’ சொல்லிக்கொண்டிருக்கிறது!

பேட்டரி அளவும் பல ஹெட்போன்களில் இதே ரூட்டில்தான் பயணம். ஆப்பிள் கொண்டுவந்த ஒரு ஏ.டி. கட்டளையை மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். அதில் பேட்டரியைச் சொல்ல 0 முதல் 9 வரை ஒரே இலக்கம்தான் இடம். உங்கள் ஹெட்போன் 83, 82 என்று இறங்காமல் 90, 80, 70 என்று படிக்கட்டில் குதிக்கிறதா? ரகசியம் இதுதான்.

மீட்டிங்கில் குரல் நாசமாகிற மர்மமும் இங்கேயே அவிழ்ந்துவிடுகிறது. லேப்டாப்பில் இளையராஜாவைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள், வயலின்கள் தனித்தனியாகக் கேட்கும். மீட்டிங்கில் சேர்ந்த அடுத்த கணம் எல்லாம் பழைய டிரங்க் கால் மாதிரி ஆகிவிடும். ஹெட்போன் கெட்டுப்போகவில்லை. பாட்டுக்கான பாதை ஒருவழிப் பாதை. அதில் ஸ்டீரியோ வரும், ஆனால் உங்கள் மைக் குரல் திரும்பிப் போக இடமில்லை. மைக் வேண்டும் என்று மென்பொருள் கேட்ட மறுநொடி, லேப்டாப் அந்தப் பாதையை மூடிவிட்டுப் போன் பேசுவதற்கான இருவழிப் பாதைக்குத் தாவுகிறது. அது ஆதியில் விநாடிக்கு 8,000 மாதிரிகள் எடுக்கிற ஒலி, பிற்பாடு வந்த மேம்பட்ட முறையில் 16,000. பாட்டுக்கு வழக்கம் 44,100. எப்படி நன்றாக இருக்கும்? விண்டோஸ் பட்டியலில் ஒரே ஹெட்போன் இரண்டு பெயரில் தெரிந்து பலரைக் குழப்பியது இதனால்தான். ஒன்று ஸ்டீரியோ, இன்னொன்று ஹேண்ட்ஸ்ஃப்ரீ. தப்பிக்க எளிய வழி இருக்கிறது. மீட்டிங் செட்டிங்ஸில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கையும், கேட்பதற்கு ஹெட்போனையும் தேர்ந்தெடுங்கள். ஹெட்போன் பாட்டுப் பாதையிலேயே இருந்துவிடும். எல்.ஈ. ஆடியோ என்ற புது ஏற்பாடு, எல்.சி.3 என்ற புதுச் சுருக்க முறையோடு, இந்தத் தலைவலியை அடியோடு தீர்க்க வந்திருக்கிறது. ஆனால் ஹெட்போன், கம்ப்யூட்டர் இரண்டிலும் அது இருக்க வேண்டும்.

லாக்கில் தெரியாத ஒரு கூத்தும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். பிடிமான் காட்டுவது கம்ப்யூட்டருக்கும் அதன் புளூடூத் சில்லுக்கும் நடக்கிற பேச்சைத்தான். காற்றில் நடப்பதைப் பார்க்கத் தனிக்கருவி வேண்டும், விலை கேட்டால் மயக்கம் வரும். காற்றில் என்ன நடக்கிறது? பாட்டு ஓடும்போது இரண்டும் விநாடிக்கு 1,600 தடவை வரை அலைவரிசை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. அடுத்து எங்கே தாவுவது என்பதை போனின் முகவரியும் அதன் உள்கடிகாரமும் சேர்ந்து முடிவுசெய்யும். காலை எட்டரை மணி தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலை நினைத்துப் பாருங்கள். பெட்டி நிறைய இயர்பட்ஸ். ஒருவர் பாட்டு இன்னொருவர் காதில் விழுவதில்லை. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு தாவல் வரிசை. எங்காவது இரண்டு ஜோடி மோதினாலும் தொலைந்த துண்டை அடுத்த தாவலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 2003-ல் வந்த 1.2 பதிப்பிலிருந்து, வைஃபை ஆக்கிரமித்திருக்கும் இடங்களைக் கண்டுகொண்டு அங்கே கால் வைக்காமல் தாவவும் கற்றுக்கொண்டன. இந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி நம் நாட்டில் 2005-ல் லைசென்ஸ் தேவையில்லை என்று திறந்துவிடப்பட்டது. வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு, வயர்லெஸ் மவுஸ் எல்லாம் இதே சந்தில்தான் நெருக்கியடிக்கின்றன. யு.எஸ்.பி. 3.0 ஹார்ட் டிஸ்க்கூட இந்தச் சந்தில் இரைச்சல் போடும் என்று இன்டெல் 2012-லேயே எழுதி வைத்திருக்கிறது. லேப்டாப்பில் பாட்டு விக்கினால் ஹார்ட் டிஸ்க்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள்.

இதைவிட நையாண்டி, இந்த அலைகளுக்கு நம் தலையே பெரிய தடை! உடம்பு பெரும்பாலும் தண்ணீர், 2.4 கிகாஹெர்ட்ஸுக்குத் தண்ணீர் ஆகாது. வயரில்லாத இரட்டை இயர்பட்ஸில் இடது காதுக்கும் வலது காதுக்கும் நடுவே ஒரு பெரிய நீர்க்குடம். இதைச் சமாளிக்க, தொடக்க கால இயர்பட்ஸ் சில ரேடியோவை விட்டுவிட்டு, காந்தத் தூண்டலால் தலைக்குள்ளாகவே ஒலியைக் கடத்தின. இப்போது பலவற்றில் ஒரு காது மட்டும் போனோடு முறைப்படி சேர்கிறது. இன்னொரு காது அந்தப் பேச்சை ஓரமாக நின்று ஒட்டுக்கேட்டுத் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. நாங்கள் செய்துகொண்டிருந்த அதே வேலை!

இனி என் மனக்குறையைச் சொல்ல வேண்டும். சேர்த்து முடித்ததும் வேண்டுமென்றே ஹெட்போனின் நினைவிலிருந்து லேப்டாப்பை அழித்தேன். அதாவது ஹெட்போன் தன் சாவியைத் தொலைத்துவிட்டது, லேப்டாப்பிடம் பழைய சாவி பத்திரமாக இருக்கிறது. இப்போது லேப்டாப்பிலிருந்து கதவைத் தட்டினேன். லாக்கில் பளிச்சென்று காரணம் வந்தது: ‘பின் அல்லது சாவி இல்லை’, பிழை எண் 06. எவ்வளவு தெளிவு! ஆனால் இதே கோளாறு வரும்போது போனும் கம்ப்யூட்டரும் நமக்குச் சொல்வது என்ன? ‘இணைக்க முடியவில்லை.’ அல்லது ‘மீண்டும் முயலவும்.’ மீண்டும் முயன்றால் என்ன, மீண்டும் அதே சாவி இல்லாத கதைதானே! இரண்டு பக்கமும் பழையதை அழித்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள் என்று ஒரு வரி எழுத என்ன கேடு? உள்ளே இருக்கிற மென்பொருளுக்கு நோய் என்ன என்று துல்லியமாகத் தெரிகிறது. நம் முகத்துக்கு முன்னால் வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்கிறது.

இந்த வகைச் சாவிச் சண்டைகள் ஏராளம். ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே புளூடூத் முகவரி. ஒன்றில் சேர்த்தால் புதுச் சாவி, மற்றதில் இருக்கும் சாவி செல்லாக்காசு. ஹெட்போனுக்கோ அங்கே இரண்டு பேர் குடித்தனம் செய்கிறார்கள் என்பதே தெரியாது. ஹெட்போனின் ஞாபகமும் குட்டியானது. எட்டுக் கருவிகளை நினைவில் வைக்கும் மாடல்கள் சகஜம். ஒன்பதாவது வந்தால் பழையது ஒன்று சத்தமில்லாமல் வெளியே போகும். ‘நேத்துவரைக்கும் நல்லாதானே இருந்துச்சு’ என்று அப்பாவின் பழைய போன் முழிப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

பெட்டியைத் திறந்ததும் போனில் படத்தோடு ‘சேர்க்கவா?’ என்று மேலெழும்புகிறதே, அந்த வேகமான வித்தைகள் எல்லாம் முக்கியமாக நான் சொன்ன தேடும் படலத்தைத்தான் தாண்டிக் குதிக்கின்றன. இயர்பட்ஸ் தன் மாடல் எண்ணைச் சன்னமாக ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும், அதைக் கேட்டு கூகுளின் ஃபாஸ்ட் பேர் படத்தைத் தேடி எடுத்துக் காட்டும். அதன் பிறகு பாட்டு முறை, ஏ.டி. பாஷை எல்லாம் பழைய வரிசைதான்.

ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். எழுந்திருக்க மனமில்லாமல் பிரிவுகளையும் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். ஹெட்போனை அதன் பட்டனால் அணைத்தாள், ‘எதிர்ப்பக்கத்துப் பயனர் முடித்துக்கொண்டார்’ என்று வந்தது, எண் 13. மறுபடி சேர்த்து, அதை மாட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடச் சொன்னேன். பாட்டு விட்டுவிட்டு வந்து, அறுந்தது. சில விநாடி லேப்டாப் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ‘நேரம் கடந்தது’ என்று எழுதியது, எண் 08. மூன்றாவதாக 15 என்று ஒன்று இருக்கிறது, எதிர்ப்பக்கம் தான் அணையப்போவதாகச் சொல்லிவிட்டுப் போவது. பட்டனில் வராத அது, சார்ஜ் தீர்ந்தாலாவது வருகிறதா என்று பார்க்க ஹெட்போனில் சார்ஜ் இறங்க வேண்டும். எண்பதில் நின்றது.

“விடிய விடியப் பாட்டு ஓடட்டும் மாமா, காலைல லாக்ல பாத்துக்கலாம்” என்றாள். சத்தத்தை முழுசாக ஏற்றிவிட்டு, தலையணைக்கு அடியில் ஹெட்போனை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம்.